இந்தியாவின் முதல் சினிமா ஓடிய ஹோட்டல்... வாய்தாவில் துருப்பிடிக்கும் வாட்சன்ஸ்!

1896-ம் ஆண்டு, ஜூலை 7-ம் தேதி. பம்பாய் வாட்சன்ஸ் ஹோட்டலின் ஓர் அறையில் விளக்கை அணைத்தார்கள். டிக்கெட் விலை ஒரு ரூபாய். பிரான்ஸிலிருந்து லூமியர் சகோதரர்கள் அனுப்பிய இயந்திரம் ஓட ஆரம்பித்தது. திரையில் படம் அசைந்தது!

இந்தியா சினிமா பார்த்த முதல் நாள் அதுதான். பாரிஸில் லூமியர் சகோதரர்கள் முதல்முறையாகக் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டி, அப்போது ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இன்று நாம் தீபாவளிக்கு முதல் நாள் முதல் காட்சி என்று அடித்துப்பிடித்து ஓடுகிறோமே, அதற்கெல்லாம் பிள்ளையார்சுழி போட்ட கட்டடம் அது. மும்பையின் காலாகோடா பகுதியில் இருக்கிறது. இப்போது அதன் பெயர் எஸ்பிளனேட் மேன்ஷன். புதுப்பிப்பதா, இடிப்பதா என்ற சண்டை கோர்ட் வரை போய், 2019-ல் உள்ளே இருந்த எல்லோரையும் வெளியேற்றும் நிலைக்கு வந்தது.

கப்பலில் வந்த ஹோட்டல்

ஜான் ஹட்சன் வாட்சன் என்ற ஆங்கிலேயத் துணி வியாபாரி கட்டியது இந்த ஹோட்டல். வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டனின் செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பிரமாண்டக் கூரையில் இவரின் பங்கும் உண்டு.

தூண்கள், உத்தரங்கள் என அத்தனையும் வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் செய்து, கப்பலில் ஏற்றி, பம்பாயில் இறக்கிப் பூட்டினார்கள். 1860-களின் கடைசியில் இப்படி ஒரு கட்டடம் எழுந்தபோது ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். ஐந்து மாடி, நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம். இந்தியாவில் இன்றும் நிற்கும் வார்ப்பிரும்புக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

1896 தொடக்கத்தில் இங்கே தங்கிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பால்கனிக்கு வந்து தொல்லை கொடுத்த காக்கைகளைப் பற்றித் தன் பயண நூலில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

வாட்சன்ஸ் வெள்ளைக்காரர்களுக்கான ஹோட்டல். ஜாம்ஷெட்ஜி டாடாவை உள்ளே விட மறுத்ததால்தான் அவர் தாஜ்மஹால் ஹோட்டலைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதை வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் ஏற்பதில்லை. ஆனால், 1903-ல் தாஜ் திறந்த பிறகு வாட்சன்ஸின் மவுசு குறைய ஆரம்பித்தது நிஜம்.

ஹோட்டல் அறையில் வக்கீல் ஆபீஸ்

ஹோட்டல் மூடப்பட்ட பிறகு, பெரிய அறைகளைப் பலகையடித்துச் சின்னச் சின்னதாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். சிலர் குடியிருந்தார்கள். பலர் ஆபீஸ் போட்டார்கள். பக்கத்திலேயே செஷன்ஸ் நீதிமன்றம் இருந்ததால் வக்கீல்கள் நிறைய பேர் வந்தார்கள். ஊரார் வழக்கையெல்லாம் நடத்திய கட்டடம், கடைசியில் தானே ஒரு வழக்காக மாறியதுதான் விநோதம்.

இரும்புக் கட்டடத்துக்கு எதிரி தண்ணீர். மும்பையின் மழையும் கடல் காற்றும் போதாதென்று, உள்ளே தடுப்புகளும் கூடுதல் கட்டுமானங்களும் ஏறிக்கொண்டே போயின. ஆபத்தில் உள்ள 100 பாரம்பர்யச் சின்னங்கள் என்று உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிட்ட 2006-ம் ஆண்டுப் பட்டியலில் வாட்சன்ஸ் பெயரும் இருந்தது. 2005 ஜூலையில் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 2018-லும் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது.

யார் பக்கம் நியாயம்?

இந்தக் கட்டடம் ஏன் இந்த நிலைக்கு வந்தது? மும்பையின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கும் இருக்கும் சிக்கல்தான் காரணம். ஒவ்வொரு தரப்பாகக் கேட்டால், எல்லோர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும்.

உரிமையாளர் தரப்பு சொல்வது: மும்பையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பழைய வாடகைதாரர்கள் தரும் தொகையில் பெயின்ட்கூட அடிக்க முடியாது. இரும்புத் தூணை எப்படி மாற்றுவது?

வாடகைதாரர் தரப்பு சொல்வது: இன்று காலி செய்தால், நாளை திரும்ப வர இடம் கிடைக்குமா? யார் உத்தரவாதம் தருவது?

அரசுத் தரப்பின் கவலை: நாளை இடிந்து விழுந்து உயிர் போனால் யார் பொறுப்பு?

பாரம்பர்ய ஆர்வலர்கள் சொல்வது: இடித்துவிட்டு அதே இடத்தில் என்ன கட்டினாலும், அது வாட்சன்ஸ் ஆகாது.

விஷயம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டடத்தை ஆய்வு செய்த மும்பை ஐ.ஐ.டி., இதைச் சரிசெய்வது கஷ்டம், இடித்துவிடலாம் என்று அறிக்கை தந்தது. 2019-ல் கட்டடம் காலியானது. இதுவோ பாரம்பர்யப் பட்டியலில் இரண்டாம் நிலை 'ஏ' பிரிவில் உள்ள கட்டடம். நினைத்தவுடன் இடிக்க முடியாது. பாரம்பர்யப் பாதுகாப்பு நிபுணர்கள் எதிர்த்தார்கள். பிறகு பார்வையிட்ட வேறொரு நிபுணர் குழு, புதுப்பிக்க முடியும் என்றது. ஒரே கட்டடம், இரண்டு அறிக்கைகள்!

இத்தனை வாதங்களுக்கும் நடுவில் ஒவ்வொரு வருடமும் மழை தவறாமல் பெய்தது. இரும்பு துருப்பிடித்தது. துரு எந்த வாய்தாவுக்கும் காத்திருப்பதில்லை.

அண்ணா சாலையில் இரண்டு முடிவுகள்

மும்பைக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலைக்கு பஸ் பிடித்தால் போதும். இதே கதையின் இரண்டு முடிவுகளையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, ஸ்பென்சர் பிளாசா அருகே பின்னி சாலையில் இருக்கும் கன்னிமாரா ஹோட்டல். 1854-ல் இம்பீரியல் ஹோட்டலாகத் தொடங்கி, பின்னர் மெட்ராஸ் கவர்னர் கன்னிமாராவின் பெயரைப் பெற்றது. பழைமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் மீண்டும் திறந்தார்கள். முடிவெடுக்க ஒரு நிர்வாகம் இருந்தது, வேலை நடந்தது.

இன்னொன்று, எல்.ஐ.சி-க்குச் சொந்தமான பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல் டபிள்யூ.இ.ஸ்மித் என்பவரின் மருந்து நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கோபுர மாளிகை. 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பர்யப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2010-ல் வந்த தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது. இடிப்பது நின்றது. ஆனால், அதன் பிறகும் பல வருடங்கள் பூட்டியே கிடந்தது. இடிக்காதே என்று சொன்ன தீர்ப்பால் மட்டும் ஓட்டைக் கூரை அடைபட்டுவிடாது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும்!

ஊரில் பங்கு பிரியாத தாத்தா வீடு யாருக்குத்தான் இல்லை? பெரியப்பா விற்கலாம் என்பார். சித்தப்பா கூடாது என்பார். வழக்கு ஓடும். அதற்குள் ஓடு சரிந்து, சுவர் ஊறி, கடைசியில் மனைக்கு மட்டும்தான் விலை கிடைக்கும். ஜெயித்தவருக்கும் வீடு மிஞ்சாது.

வழக்கு நடக்கும்போதே கட்டடத்தைக் காப்பாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவசரப் பழுதுபார்ப்புக்கு மட்டும் அனுமதி கேட்டு இடைக்கால மனு போடலாம். கட்டடத்தின் நிலையை நேரில் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனரை நியமிக்கும்படி கேட்கலாம். தேவைப்பட்டால், சொத்தைப் பராமரிக்க ரிசீவரை நியமிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. செலவு யார் கணக்கில் என்பதைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

வாடகை வீடு என்றால், தான் செய்ய வேண்டிய பழுதை உரிமையாளர் செய்யாதபோது, வாடகைதாரரே செய்து அதை வாடகையில் கழித்துக்கொள்ள 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எதை யார் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும், முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பதும், ரசீதுகளைப் பத்திரமாக வைப்பதும் முக்கியம்.

130 வருடங்களுக்கு முன்பு ஒரு ரூபாய் கொடுத்து வாட்சன்ஸுக்குள் போனவர்கள் அதிசயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். அந்த அறைக்குள் நம் பிள்ளைகளும் ஒருநாள் போக வேண்டுமென்றால், யார் ஜெயிப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மழைக்குள் கூரையை அடைக்க வேண்டும். தாத்தா வீட்டுக்கும் அதேதான்!