பழைய பிக்கப் வாங்கி பின்னாடி கொக்கி மாட்டப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கலவை மெஷின், ஏர் காம்பரசர், ஜெனரேட்டர் என எதையாவது பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் போகும். சிப்காட் பகுதியில் கட்டட வேலை எடுக்கும் சின்ன கான்ட்ராக்டர்கள் பலருக்கு இதுதான் கணக்கு: செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிக்கப், பட்டறையில் கொடுத்து பின்னால் ஒரு இழுவைக் கொக்கி. தனியாக வண்டி வாடகை மிச்சம்.

ஆனால், ஒரு விபத்து நடந்தால் அந்தக் கொக்கியே உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கொக்கியில் என்ன சிக்கல்?

ஒரு வண்டி சந்தைக்கு வரும் முன் அதன் பிரேக், எடை எல்லாம் சோதிக்கப்படுகிறது. அப்படிச் சோதிக்கும் மையங்களில் ஒன்றான ஜிஏஆர்சி நம்ம ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை, கம்பெனி சொன்ன மொத்த எடைக்குத்தான். பின்னால் நீங்கள் மாட்டும் 800 கிலோ அந்தக் கணக்கிலேயே இல்லை.

சின்ன டிராலிகள் பலவற்றுக்குத் தனியாக பிரேக் கிடையாது. அப்போது மொத்தத்தையும் பிக்கப்பின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். மழை நேரத்தில் திடீரென பிரேக் அடித்தால், பின்னால் இருப்பது முன்னால் தள்ளும்.

அடுத்தது வெல்டிங். சேஸிஸில் வெல்டிங் வைத்தால், சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் மாறிவிடும். நாளடைவில் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். பம்பரில் மாட்டுவது இன்னும் மோசம். இழுவையைத் தாங்க வேண்டியது சேஸிஸ்தான், அதுவும் கம்பெனி காட்டிய இடத்தில், போல்ட் போட்டு.

எவ்வளவு இழுக்கலாம்?

யூடியூபில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்கள் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்கிறார்கள். அது அந்த நாட்டு மாடலுக்கு, அதுவும் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் இழுவை எடை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், கம்பெனி அனுமதி தரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. டிரெய்லர் எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது பொதுவான அளவு. 800 கிலோ என்றால் 80 முதல் 120 கிலோ. பாரம் டிராலியின் பின்பக்கம் போனால், வேகத்தில் டிராலி பாம்பு மாதிரி ஆடும். கொக்கியில் அதிகம் இறங்கினால், பிக்கப்பின் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

* மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.
* அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.
* டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் தனிப் பதிவு வேண்டும்.
* கொக்கி நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது. டிராலியிலும் பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிய வேண்டும்.

மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டால் கிளைம் நிராகரிக்கப்படலாம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் மாட்டும் முன்பே கம்பெனி டீலரிடமும் ஆர்டிஓ அலுவலகத்திலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில் நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது வேறு விஷயம். அதற்காக வண்டியிலேயே வரும் வளையத்தில் டிராலியை மாட்டக் கூடாது.

வாங்கும் வண்டியில் ஏற்கெனவே கொக்கி இருந்தால்?

"கொக்கியோட தர்றேன், உங்களுக்கு லாபம்" என்பார் விற்பவர். ஆனால் அந்த வண்டி பாரம் இழுத்திருக்கிறது என்பதற்கும் அதுதான் சாட்சி. கழற்றிவிட்டு விற்றாலும் தடம் இருக்கும். மெக்கானிக்கை கூட்டிப் போய் இதையெல்லாம் பாருங்கள்:

* பின்பக்க சேஸிஸில் புது பெயின்ட், வெல்டிங் தழும்பு, கூடுதல் ஓட்டை
* லோடு ஏற்றி மேட்டில் எடுக்கும்போது கிளட்ச் வழுக்குகிறதா
* பின் ஆக்ஸிலில் ஊளைச் சத்தம், ஆயில் கசிவு
* பட்டைகளில் விரிசல், பின்பக்கம் தாழ்ந்து நிற்பது
* டெயில் லைட் வயரை வெட்டி ஒட்டிய அடையாளம்

பேப்பர் விஷயத்தில் ஏமாறாதீங்க

எம்பரிவாகன் ஆப்பில் ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ் நிலவரம் பார்க்கலாம். சரக்கு வண்டி என்றால் முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். பைனான்ஸ் முடிந்ததற்கு படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. பக்கத்து ஆந்திரா வண்டி என்றால் என்ஓசி இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் 14 நாளில், வாங்குபவர் 30 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு எச்சரிக்கை. 2007-ல் விற்கப்பட்டு பல கை மாறிய ஒரு கார், 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில் இருந்ததோ முதலில் விற்றவரின் பெயர். அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாதத்தில் இரண்டு நாள் மட்டும்தான் கலவை மெஷினை இழுக்க வேண்டும் என்றால், அந்த இரண்டு நாளுக்கு டிராக்டரோ லோடு வண்டியோ வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டறைக்கு வண்டியை விடுவதற்கு முன்பே!