தடுப்புக்கம்பிக்கு அப்பால்: நார்வேயின் மோட்டார் வராத சாலைகள்

மோட்டார் வாகனம் வராத சாலையில் நாள் முழுக்க மிதிவண்டி ஓட்டியபடி ஊர் ஊராகச் செல்வது ஐரோப்பாவில் ஒரு தனிவகைப் பயணமாக வளர்ந்திருக்கிறது. அதற்குப் பெயர்பெற்ற நாடு பிரான்ஸ். ரயில் ஓட்டம் நின்றுபோன வழித்தடங்களில் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தும், ஒருகாலத்தில் குதிரைகள் படகிழுத்து நடந்த கால்வாய்க் கரைகளைச் செப்பனிட்டும் ‘வுவா வெர்த்’, அதாவது பசுமை வழி, என்ற பெயரில் அங்கே பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து கிளம்பும் பாதைகள் உருவான விதம் வேறு. மரம் ஏற்றுவதற்கும் இருப்புப்பாதை போடுவதற்கும் என்று முன்பே அமைந்துவிட்ட சாலைகளுக்குள் மோட்டாரை வரவிடாமல் நிறுத்தியதுதான் அவற்றை மிதிவண்டிக்கு உரியவையாக ஆக்கியது. மிதிவண்டிக்கென்று புதிதாகச் செய்யப்பட்டது மிகக் குறைவு.

ஆஸ்லோ நகரம் தெற்கே கடலையும் மற்ற மூன்று பக்கங்களிலும் காட்டையும் எல்லையாகக் கொண்டது. இந்தக் காட்டுப் பரப்பு முழுவதையும் நகரத்தார் ‘மார்க்கா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் வடபகுதிக்கு நூர்மார்க்கா என்று பெயர். நகரின் மெட்ரோ ரயில் நேராகக் காட்டின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது: ஒரு தடம் 469 மீட்டர் உயரத்திலுள்ள ஃப்ரோக்னர்சேத்தரன் நிலையத்திலும், இன்னொன்று சோங்ஸ்வான் ஏரிக்கரையிலும் முடிகிறது. பெட்டியில் இடமிருந்தால் மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். ஈழத்திலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல குடியிருக்கும் குரூருட் பள்ளத்தாக்கும் இந்தக் காட்டின் விளிம்பில்தான் இருக்கிறது. அங்குள்ள அம்மெருட் குடியிருப்பிலிருந்து புறப்படும் சரளைச் சாலை ஒன்று லில்லோமார்க்கா என்னும் கிழக்குக் காட்டுக்குள் ஏறி லில்லோசேத்தர் என்ற சிற்றுண்டி இல்லத்தை அடைகிறது.

வீட்டு வரிசை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் சாலையின் குறுக்கே தடுப்புக்கம்பியாக ஓர் இரும்புக் குழாய் படுத்திருக்கும். அதன் ஒரு முனை கம்பத்தில் கீலால் பிணைக்கப்பட்டிருக்க, மறுமுனையில் பூட்டுத் தொங்கும். திறவுகோல் காட்டின் உரிமையாளரிடமும், உள்ளே வேலையுள்ள சிலரிடமும் மட்டுமே உண்டு. கம்பத்துக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் நடுவே விட்டிருக்கும் சிறிய இடைவெளியில், சக்கரங்கள் ஓடி ஓடிப் புல் தேய்ந்து ஒற்றைத் தடம் விழுந்திருக்கும். கார் நுழைய முடியாத, ஆனால் மிதிவண்டியும் தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிவரும் தாயும் நிற்காமலே கடந்துவிடக்கூடிய இந்த இடைவெளிதான் நார்வே நாட்டின் ஏற்பாடு முழுவதையும் விளக்கிவிடுகிறது என்றால் மிகையாகாது.

அந்தக் கம்பிக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. நூர்மார்க்காவின் பெரும்பகுதி ஒரு தனியார் குடும்பத்தின் சொத்து. ஆஸ்லோ நகராட்சிக்கும் கணிசமான காடு உண்டு. காட்டில் மரம் வெட்டி லாரியில் ஏற்றிச்செல்வதற்காகப் போடப்பட்ட சாலையில் மற்றவர்களின் காரைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. அதே சாலையில் நடப்பவரையும் மிதிவண்டியில் வருபவரையும் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்க்கைச் சட்டம் நிலத்தை ‘இன்மார்க்’ என்றும் ‘உட்மார்க்’ என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. வயல், தோட்டம், வீட்டு முற்றம் போன்றவை முதல்வகை. காடு, மலை, மேய்ச்சல் வெளி ஆகியவை இரண்டாம் வகை. உட்மார்க்கில் யாரும் நடக்கலாம், அங்குள்ள சாலைகளிலும் தடங்களிலும் மிதிவண்டி ஓட்டலாம். நில உரிமை யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தமிழில் ‘புறம்போக்கு’ என்ற சொல்லும் ஏறக்குறைய ‘உட்மார்க்’ என்பதைப் போலவே புறத்தே கிடக்கும் நிலத்தைக் குறிப்பதாக இருந்தாலும், புறம்போக்கு அரசுக்கு உரியது, உட்மார்க் தனியாருடையதாகவும் இருக்கலாம் என்பது பெரிய வேறுபாடு. தனியார் நிலத்தின் மீதே பொதுமக்களுக்கு உள்ள இந்த உரிமையை நார்வேயர்கள் ‘அல்லெமான்ஸ்ரெட்டன்’, எல்லோருக்குமான உரிமை, என்கிறார்கள். நகரம் பெருகிக் காட்டைத் தின்றுவிடாதிருக்க 2009இல் மார்க்காவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் எல்லைக்குள் கட்டுமானத்துக்கும் மோட்டார் போக்குவரத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

சோங்ஸ்வானிலிருந்து சரளைச் சாலையில் ஏறினால் உல்லெவோல்சேத்தர் என்ற பழைய பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேரலாம். அங்கே சுடச்சுடக் கிடைக்கும் வாஃபிளும் இனிப்பு ரொட்டியும் பல தலைமுறைகளாக ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தின் பகுதியாகவே இருந்துவருகின்றன. இன்னும் வடக்கே போனால் பியோர்ன்ஷோ ஏரியின் வடகோடியில் கீகூட் என்னும் இல்லம் இருக்கிறது. நகரின் குடிநீரில் பெரும்பகுதியைத் தரும் மாரிடால்ஸ்வான் ஏரியும் இந்தக் காட்டின் ஓரத்தில் இருப்பதால், அதில் குளிக்கத் தடை உண்டு. குளிர்காலத்தில் இதே சாலைகள் பனிச்சறுக்குத் தடங்களாகிவிடும். வார நாட்களில் மரம் ஏற்றிய லாரி எதிரே வரக்கூடும் என்பதை மட்டும் மிதிவண்டிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்லோவிலிருந்து மேற்கே பெர்கன் செல்லும் ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பயணம் செய்து ஹாவ்காஸ்தோல் என்ற சிறிய நிலையத்தில் இறங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய சாலை ஒன்று காத்திருக்கிறது. அதன் பெயர் ரல்லார்வேகன். இருப்புப்பாதை வேலைக்காக இடம்விட்டு இடம் பெயர்ந்து திரிந்த கூலித் தொழிலாளிக்கு ‘ரல்லார்’ என்று பெயர். ஆகவே இது தொழிலாளர் சாலை. ஆஸ்லோவையும் பெர்கனையும் மலைக்கு மேலாக ரயிலால் இணைப்பது என்று முடிவானபோது, பாதை போகவேண்டிய உயர்ந்த மலைவெளியில் சாலையே கிடையாது. வெடிமருந்து, இரும்பு, உணவு, குதிரைக்கு வைக்கோல் என ஒவ்வொன்றும் மேலே போனால்தான் தண்டவாளம் போட முடியும் என்பதால், 1895 முதல் 1902 வரையான ஆண்டுகளில் முதலில் இந்தச் சாலை அமைக்கப்பட்டது. நீலகிரி ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய அதே காலத்தில் இங்கேயும் பாறை பிளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1909 நவம்பரில் ஏழாம் ஹோகோன் மன்னர் பெர்கன் இருப்புப்பாதையைத் திறந்துவைத்தார்.

ரயில் ஓடத் தொடங்கியதும் சாலையின் தேவை குறைந்தது. அதை மோட்டார் சாலையாக அகலப்படுத்த யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. 1974இல் அது மிதிவண்டிப் பாதையாக மறுபிறவி எடுத்தது. பாரம் ஏற்றிய குதிரை வண்டி ஏறும்படி அமைந்த சரிவு என்பதால், ஹாவ்காஸ்தோலிலிருந்து ஃபின்சே வரையுள்ள ஏற்றம் பொதுவாக நிதானமானது. மூச்சு வாங்கினாலும் கால் ஓய்ந்துவிடாது. கையால் அடுக்கிய கல் அடித்தளமும், ஓடைகளைத் தாண்டும் கல் வளைவுப் பாலங்களும் நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றன. அந்தப் பாலங்களின் அருகில் ஒரு முறையாவது மிதிவண்டியை நிறுத்தி, காரையின்றிக் கல்லோடு கல் பொருத்தப்பட்ட வரிசையைப் பார்க்காமல் கடந்துபோவது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் குறையாகவே தோன்றும்.

1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே ஊருக்கு இன்றும் கார் செல்லும் சாலை கிடையாது. ரயிலிலோ, மிதிவண்டியிலோ, நடந்தோ, பனிச்சறுக்கியோதான் போகவேண்டும். எதிரே ஹார்டாங்கர்யோக்குலன் என்ற பனியாறு மலைமுடியை மூடிப் படர்ந்திருக்கிறது. தென்துருவப் பயணத்துக்குமுன் 1914இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் பயிற்சிக்காகத் தேர்ந்தெடுத்த இடம் இது. இங்கிருந்து மேற்கே ஏறும் சாலை 1,343 மீட்டரில் தன் உச்சத்தை அடைகிறது. அதன் பக்கத்திலேயே ஓடிய பழைய ரயில்தடம், 1993இல் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஃபின்சே சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் கைவிடப்பட்டது. இந்தப் பகுதியில் ஜூலையிலும் பனி கிடக்கும். சில ஆண்டுகளில் பனியை வெட்டி வழிசெய்த பிறகே மிதிவண்டி போக முடிகிறது; அப்போதும் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் நிற்பதுண்டு. ஆகவே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரையான சில வாரங்கள் மட்டுமே இதன் பருவம்.

மிர்டால் ரயில் நிலையத்தைத் தாண்டியதும் சாலை பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து 21 கொண்டை ஊசி வளைவுகளில் சரேலென்று இறங்குகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளைக் கண்டவர்களுக்கு எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இங்கே தார் கிடையாது, உதிரிக் கல்லில் சக்கரம் வழுக்கும், ஓரத்தில் அருவி இரைந்துகொண்டிருக்கும். பிரேக்கை விடாமல் பிடித்துவந்தால் அதன் ரப்பர் சூடேறித் தேய்ந்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்களும் இவ்விடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கிறார்கள். கடல்வழியாகப் படகில் வந்த சரக்கைக் குதிரைகள் மேலே ஏற்றிய வழியும் இதுதான். கீழே தரை சமமாகி, பண்ணை வீடுகள் தென்படத் தொடங்கும் கடைசிச் சில கிலோமீட்டர்களில் அங்கு வசிப்பவர்களின் கார்கள் எதிர்ப்படும்.

ஹாவ்காஸ்தோலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் கடந்த இந்தப் பயணம், மலைகளுக்கு இடையே கடல் நீண்டு புகுந்திருக்கும் ஃபியோர்டின் கரையில், ஃப்ளோம் என்ற ஊரில் முடிகிறது. பலரும் ஃபின்சேயில் ஓரிரவு தங்கி இரண்டு நாட்களில் இதைக் கடக்கிறார்கள். மிதிவண்டியை மலைமேல் வாடகைக்கு எடுத்து ஃப்ளோமில் ஒப்படைக்கவும் வசதியுண்டு. சொந்த வண்டி கொண்டுபோவோர் ரயிலில் அதற்கும் முன்கூட்டியே இடம் பதிவுசெய்ய வேண்டும். திரும்பும்போது, பயணிகள் ஒரு பகல் பாடுபட்டு இறங்கிய அதே 866 மீட்டர் உயரத்தை, 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஃப்ளோம் ரயில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறி மிர்டாலில் ஆஸ்லோ வண்டியைப் பிடிக்க இறக்கிவிடுகிறது. சன்னல் வழியே பார்த்தால், வளைவுகளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கும் அடுத்த குழுவினர் தெரிவார்கள்.