கசப்பு மருந்துக்கு ஒரு இனிப்பு வழி

அபெரிடிஃப்னா என்ன தெரியுமா? சாப்பாட்டுக்கு முன்னாடி பசியைத் தூண்ட பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சின்ன கிளாஸில் குடிக்கும் பானம். ஒயினை வைத்துச் செய்யும் சில அபெரிடிஃப்களின் கதை மலேரியாவில் தொடங்குகிறது!

1820-ல் பாரிஸில் பெல்டியே, கவன்டூ என்ற இருவர் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்து ரெடி. ஆனா அந்தக் கசப்பை யாரு விழுங்குறது? வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சு வீரர்களுக்கு இதுதான் தலைவலி. 1846-ல் ஜோசப் டுபோனே தயாரித்த இனிப்பான குயினைன் ஒயின் இதற்காகத்தான் உருவானதுன்னு சொல்வாங்க.

சரி, எப்படிச் செய்றாங்க? திராட்சைச் சாறு நொதிப்பதற்குள் அதில் ஆல்கஹாலைச் சேர்த்துவிடுவார்கள். அந்த அளவு ஆல்கஹாலை ஈஸ்ட் தாங்காது. நொதித்தல் நின்று, சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இதற்குப் பெயர் 'மிஸ்டெல்'.

இன்னொரு பக்கம் சின்கோனா பட்டை, ஆரஞ்சுத் தோல், மூலிகைகள் எல்லாம் ஆல்கஹாலிலோ ஒயினிலோ ஊறும். ஏன் வெறும் தண்ணீரில் இல்லை? குயினைன் தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷனேதான்!

கடைசியில் எல்லாவற்றையும் ஒயினோடு கலந்து ஓக் மரத் தொட்டிகளில் வைப்பார்கள். தெற்கு பிரான்சின் துயிர் ஊரில், 'பிர்' என்ற பானத்துக்காகக் கட்டிய ஒரே தொட்டியில் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும்.

இன்னைக்கு மலேரியாவுக்கு யாரும் இதைக் குடிப்பதில்லை. மருந்து மாத்திரைக்குப் போயிடுச்சு. மறைக்க நினைச்ச கசப்புதான் இப்ப இதோட ருசி.