நூதனசாலைக் கதிரையில் யார் யார் இருந்தார்கள், தெரியுமா?

கொஸ்லந்தைச் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா? பஸ் வருவதற்குள் ஒரு சங்கதி சொல்கிறேன். நீங்கள் போகப்போகிற இந்த ஏ4 வீதி பெரகலைக்கு ஏறி, ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்கித்தான் கொழும்பைப் பிடிக்கிறது. இந்த ஒரே வீதியில், உலகத்து நூதனசாலைகளையே திரும்பிப் பார்க்கவைத்த இரண்டு பேர் குனிந்து மண்ணைக் கிளறியிருக்கிறார்கள் என்பது தெரியுமா? அதில் ஒருவர் தமிழர் என்பதாவது தெரியுமா?

பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் சின்னச் சின்னக் கறுப்புக் கற்கள். தாயக்கட்டை போல கனசதுரம். கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத பாரம். 1904இல் இந்தக் கல்லைப் பற்றி எழுதி வெளியுலகத்துக்குக் கொண்டுபோனவர் ஆனந்த குமாரசுவாமி! சிவ நடனம் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். ஆமாம், அவர் முதலில் கல் படித்தவர். லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக வந்தவர். அந்தக் கறுப்புக் கல்லை ஏற்கெனவே தெரிந்த யுரேனினைட் என்றுதான் அவர் முதலில் எழுதினார். இல்லை, இது புதுக் கனிமம், இதில் தோரியம் மிக அதிகம் என்று கண்டவர் டன்ஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். தோரியனைட் என்று பெயரும் வைத்தார். இன்றைக்கும் அந்தக் கனிமத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இன்னொரு ஆச்சரியம் பாருங்கள். கொழும்பு நூதனசாலை திறந்தது 1877 ஜனவரி 1. குமாரசுவாமி அதே கொழும்பில் பிறந்தது 1877 ஆகஸ்ட் 22. கட்டிடத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே வயது! தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி, தாய் இங்கிலாந்துக்காரி எலிசபெத் பீபி. பிள்ளைக்கு இரண்டு வயதாகும் முன்பே தகப்பன் இறந்துவிட்டார். வளர்ந்தது முழுக்க இங்கிலாந்தில்.

கல் தேடி ஊர் ஊராகப் போனவருக்கு, கல்லைவிட மனிதர்களின் கைவேலை பெரிதாகத் தெரிந்தது. மரம் செதுக்குகிறவர், பித்தளை வார்க்கிறவர், பாய் பின்னுகிறவர், கோயில் சுவரில் சித்திரம் எழுதுகிறவர். இதெல்லாம் கண்ணெதிரே அழிகிறதே என்ற தவிப்பில் அவர் எழுதிய நூல்தான் 1908இல் வந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’. அதை அச்சடித்த இயந்திரம் எது தெரியுமா? வில்லியம் மொரிஸ் தன் புகழ்பெற்ற பதிப்புகளை அச்சிட்ட அதே கையச்சு இயந்திரம்! இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் தன் வீட்டில் வைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் மெனக்கெட்டு, 425 பிரதிகள் மட்டும் போட்டார்.

பிறகு இந்தியா முழுக்க அலைந்து ஓவியங்கள் சேர்த்தார். இதை வைத்துக் காசியில் ஒரு நூதனசாலை அமையுங்கள், சேர்த்ததை எல்லாம் தருகிறேன் என்று கேட்டார். நடக்கவில்லை. 1917இல் அந்தச் சேகரிப்பு கடல் கடந்து பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போனது. அவரும் கூடவே போனார். அங்கே இந்தியக் கலைக்கென்று முதன்முதலாக ஒரு பொறுப்பாளர் பதவி. அதில் முதலில் இருந்தவர் இவர். 1947இல் கண் மூடும் வரை 30 வருஷம்! பணிப்பாளர் கதிரையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அந்தக் காலத்து பொஸ்டன் பணிப்பாளர்கள் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? குமாரசுவாமி பெயரை உலகமே சொல்கிறது.

தோட்டத்து ஆட்கள் கவனியுங்கள், இது நமக்கு இன்னும் நெருக்கமான சங்கதி. நம் தோட்டங்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரன் கூத்து இருக்கிறதே, அந்தக் கதையை 1863இல் ஆங்கிலத்தில் நாடகமாகப் பெயர்த்தவர் குமாரசுவாமியின் தகப்பன் முத்து குமாரசுவாமிதான். விக்டோரியா மகாராணி முன்னால் நடித்தும் காட்டினார்! மயான காண்டம் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நம் பாட்டிமாரிடம், மகாராணியும் இதே கதையைப் பார்த்தார் என்று சொல்லிப்பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. முத்து குமாரசுவாமியின் சகோதரி மகன், அதாவது ஆனந்த குமாரசுவாமியின் அத்தை மகன், சேர் பொன்னம்பலம் அருணாசலம். ‘துண்டு’ என்றால் என்னவென்று வயதானவர்களுக்குத் தெரியும். கங்காணியின் ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவர்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டி இவர்களை எடுத்துக்கொள் என்று எழுதிக்கொடுக்கிற ஒரு கடதாசி. ஆளையே அடகு வைக்கிற கடதாசி! 1919இல் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு சங்கம் அமைத்து இந்தக் கொடுமைகளை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் அருணாசலம். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. மச்சான் ஒருவர் கலைப்பொருளைக் காப்பாற்ற, மற்ற மச்சான் நம் ஆட்களுக்காக நின்றிருக்கிறார்.

சரி, பஸ்ஸில் ஏறுங்கள். பலாங்கொடை தாண்டும்போது இரண்டாவது மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். போல் தெரணியகலை. 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளர். ‘பலாங்கொடை மனிதன்’ என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தப் பெயரை வைத்தவர் இவர்தான். அதைவிட எனக்கு மயிர்க்கூச்செறிவது குருவிற்றைச் சங்கதி. அதே ஏ4 வீதியில், இரத்தினபுரி தாண்டி வருகிற குருவிற்றையில் கிடைத்தவை இரண்டே இரண்டு பற்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, இந்தத் தீவில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்திருக்கிறது என்று 1939இல் எழுதினார்! கொடியில் மட்டுமே பார்த்த சிங்கம், இரண்டு பல்லாக மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. மாணிக்கக் குழிச் சரளையில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகளும் கண்டார். குழி வெட்டுகிறவர்கள் மாணிக்கம் இல்லை என்று ஒதுக்கித் தள்ளிய குப்பை, இவர் கண்ணுக்கு மாணிக்கம்.

தெரணியகலைக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். முதலாமவர் அமிரால்ட் ஹேலி. அடுத்து 1902இல் வந்த ஆர்தர் வில்லி அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? நாட்டிலஸ் என்ற ஓட்டுக் கடற்பிராணியின் முட்டையைப் பார்ப்பதற்காகவே பசிபிக் தீவுகளில் வருஷக்கணக்காக அலைந்தவர்! கடைசியில் பார்த்தும்விட்டார். 1903இல் அவர் தொடங்கிய ‘ஸ்பொலியா ஸெலனிக்கா’ ஆய்விதழ் கொழும்பு நூதனசாலையின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. இங்கிருந்து அவர் கனடாவுக்கு மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போனார். அவருக்குப் பின் வந்த ஜோசப் பியர்சன் இங்கே 20 வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, உலகத்தின் தென்கோடி தஸ்மேனியாவின் ஹோபார்ட் நூதனசாலைக்குப் பணிப்பாளராகப் போனார். கொழும்புக் கதிரையிலிருந்து கனடாவும் தஸ்மேனியாவும் எட்டும் தூரத்தில் இருந்திருக்கின்றன!

கொழும்பு நூதனசாலையின் வெள்ளைக் கட்டிடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் உனக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடிவிடுங்கள், அது போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை இன்றும் வழங்குகிறது. உள்ளே போனால் கண்டி அரசனின் சிம்மாசனம். 1815இல் வெள்ளைக்காரன் கைக்குப் போய், இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் கிடந்து, 1934இல் திரும்பி வந்த சிம்மாசனம். அப்படித் திரும்பி வராதவை எத்தனை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டவர் பின்னாளில் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா. வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கும் இலங்கைப் பொருட்களை எல்லாம் பட்டியலிட்டு 1975இல் பெருநூலாகவே வெளியிட்டார். கேட்பதென்றால் முதலில் என்ன போனதென்று தெரியவேண்டுமே! 2023இல் நெதர்லாந்து ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. அதில் ஒன்று, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்த லெவ்கே திசாவையின் பீரங்கி.

கொழும்பு நூதனசாலைக்குப் போனால் காலியில் 1911இல் கிடைத்த கல்லையும் பார்க்காமல் வராதீர்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். சீனம், பாரசீகம், கூடவே நம் தமிழ்! சீனச் சக்கரவர்த்தியின் ஆள் தேவேந்திரமுனை நாயனாருக்குக் காணிக்கை கொடுத்ததைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்.

கடலைத் தாண்டிச் சென்னைக்குப் போவோம். எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851இல் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற வைத்தியர். செத்த பொருட்களைவிட உயிருள்ளவற்றைப் பார்க்கத்தான் சனம் வரும் என்று கண்டுகொண்டு, கர்நாடக நவாப்பிடமிருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி 1855இல் அருங்காட்சியக வளவிலேயே மிருகக்காட்சிசாலை வைத்தார். வண்டலூரின் ஆதி அதுதான்! அதே மனிதர்தான் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் படிக்கவும் வழி திறந்தார்.

1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன் வேறு மாதிரி. அளவுகோலும் இடுக்கியும் வைத்து, அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி 1909இல் ஏழு பாகம் வெளியிட்டார். நம் பாட்டன்மார் கப்பலேறிய அதே திருச்சி, சேலம், மதுரைச் சனங்கள்தான் அந்தப் பாகங்களில் இருக்கிறார்கள். அவற்றில் உள்ள படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். பொருள் பார்க்க வந்தவனையே பொருளாக்கிய வேலை அது. அதே கதிரையில் 1940இல் உட்கார்ந்தார் அய்யப்பன், லண்டனில் மானிடவியல் படித்த கேரளத்துக்காரர். அளக்கப்பட்டவர்களின் மண்ணிலிருந்து வந்த ஒருவர்!

எழும்பூரில் சிற்பங்களோடு பழகிய சி. சிவராமமூர்த்தி 1966இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். அந்தக் கதிரையை அவருக்கு விட்டுக்கொடுத்துப் போனவர் யார் தெரியுமா? ஓர் அமெரிக்கப் பெண்மணி! கிரேஸ் மோர்லி. 1935இல் சான் பிரான்சிஸ்கோ கலை நூதனசாலையை முதல் பணிப்பாளராக நின்று திறந்தவர். ஐக்கிய நாடுகள் சாசனம் 1945இல் கையெழுத்தானது அந்த நூதனசாலை இருந்த அதே கட்டிடத்தில். 1960இல் டெல்லிக்கு வந்தவர் பிறகு இந்தியாவிலேயே தங்கிவிட்டார். ‘மாதாஜி’ என்று எல்லோரும் கூப்பிட, 1985இல் டெல்லியிலேயே மறைந்தார்.

வைத்தியர், கல் படித்தவர், கடற்பிராணி தேடியவர். நூதனசாலை நடத்தப் படித்துவிட்டு வந்தவர்கள் இதில் எத்தனை பேர்? லண்டன் பிரித்தானிய நூதனசாலையை 2002 முதல் 2015 வரை நடத்திய நீல் மக்கிரெகர்கூட சட்டம் படித்தவர், சஞ்சிகை ஆசிரியராக இருந்தவர். 2010இல் நூறு பொருட்களை எடுத்து உலக வரலாற்றையே வானொலியில் சொன்னார். அதில் 92ஆவது பொருள் என்ன தெரியுமா? ஒரு தேநீர்ச் செட்! கேத்தல், பால் சாடி, சீனிக் கிண்ணம்.

தேநீர்ச் செட் நூதனசாலைக்குப் போய்விட்டது. கொழுந்துக் கூடை எங்கே?

இருக்கிறது! கம்பளைப் பக்கத்தில், பீக்கொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே நூதனசாலையாக்கி வைத்திருக்கிறது கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம். 2007இல் தொடங்கியது. ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களைப் பார்க்கலாம், அதுவும் பார்க்கவேண்டியதுதான். ஆனால் இந்த லயத்தில் இருப்பது அந்த இயந்திரத்துக்குக் கொழுந்து போட்ட ஆட்களின் வாழ்க்கை. பணிப்பாளர் கதிரை என்றால் பளிங்குத் தரையில்தான் போடவேண்டுமா? லயக் காம்பராவிலும் போடலாம்.

நம் கொஸ்லந்தைக்கு இது ஏன் அவசரம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 காலை மண்சரிவில் மீரியபெத்தை லயங்கள் மண்ணோடு மண்ணாகப் போனபோது உயிர்கள் போயின. அந்தத் துக்கத்துக்கு முன் வேறு எதுவும் பெரிதில்லை. ஆனால் அந்த மண்ணுக்குள் கலியாணப் படங்களும் பிறப்புப் பத்திரங்களும் பழைய பற்றுச்சீட்டுகளும் போயின. யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தார் என்று ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தவையெல்லாம் போயின. நம் ஊரில் வீடு புதைந்தால் கூடவே ஆவணக் களரியும் புதைகிறது.

எங்கள் அப்பாயி இடுப்பில் கட்டிய படங்கு இப்போது இல்லை. கூடையும் இல்லை, மழைக்காலம் ஒன்றில் அடுப்புக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது மட்டக்கம்பு மட்டும்தான். கொழுந்து எடுக்கிற மட்டத்துக்குச் செடி மேல் வைத்துப் பார்க்கிற மெல்லிய கம்பு. அப்பாயி பிடித்துப் பிடித்து நடுவில் மட்டும் வழுவழுப்பு, இரண்டு நுனியும் சொரசொரப்பு. கூரை இடுக்கில் சொருகியிருந்ததை எடுத்துத் துடைத்தேன். நூதனசாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கமும் சீட்டும் இருக்கவேண்டுமாம். பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதினேன்:

இலக்கம் 1. மட்டக்கம்பு. கொஸ்லந்தை. கொழுந்து எடுத்தவர் அப்பாயி.