லிங்க்கில் ஒளிந்திருக்கும் சாவி

இணைய தளங்களில் நாம் க்ளிக் செய்யும் லிங்க்குகள் எல்லாம் முன்பே எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ஜாவாவில் அமைந்த தளங்களில், பக்கத்தை அனுப்பும் நேரத்தில்தான் சர்வர் பல லிங்க்குகளைத் தயாரிக்கிறது. நீங்கள் லாக்-இன் செய்திருந்தால் "என் கணக்கு" லிங்க் வரும், இல்லாவிட்டால் வராது.

வந்திருப்பது நீங்கள்தான் என்று சர்வருக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளக் குறியை அது தருகிறது. வழக்கமாக அந்தக் குறி குக்கீயில் இருக்கும். பிரவுசரில் குக்கீயை நிறுத்தி வைத்திருந்தால், சில தளங்கள் அதை லிங்க்கிலேயே சேர்த்துவிடும். அட்ரஸ் பாரில் அரைப்புள்ளியை அடுத்து, ஆங்கிலத்தில் "ஜேசெஷன்ஐடி" என்று தொடங்கும் நீண்ட வரிசை அதுதான்.

இந்த முகவரியை அப்படியே காப்பி செய்து நண்பருக்கு மெயில் அனுப்பாதீர்கள். நீங்கள் லாக்-அவுட் செய்யாதிருந்தால், அவர் உங்கள் கணக்கிற்குள்ளேயே நுழைந்துவிடக் கூடும்! அரைப்புள்ளி முதல் கேள்விக்குறிக்கு முன்பு வரை உள்ளதை நீக்கிவிடுங்கள். கேள்விக்குறி இல்லையென்றால் கடைசி வரை நீக்கலாம்.

2009இல் வந்த ஜாவா சர்வ்லெட் 3.0 பதிப்பு முதல், குறியைக் குக்கீயில் மட்டும் வைக்கும்படி தளத்தை அமைப்பவரே செட் செய்ய முடியும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. எனவே லிங்க்கை அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் லாக்-அவுட் செய்யுங்கள்.