அப்டேற்றுக்குப் பிறகு வைபை நின்றுபோனால்

ஊரிலுள்ள அம்மா அப்பாவோடு கதைப்பதும், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலையும், விசா அலுவலகக் கடிதங்களும் இன்று எங்களுக்கு மடிக்கணனி வழியாகத்தான். அப்டேற் முடிந்தபின் வைபை வராவிட்டால் பதறிப்போய்க் கடைக்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கிறோம். அநேகமாகக் கணனி பழுதல்ல.

வைபைக் கருவியை இயக்குவது 'டிரைவர்' என்னும் சிறு மென்பொருள். அப்டேற் கொண்டுவரும் புது டிரைவர் சிலவேளை கருவியோடு ஒத்துப்போகாது. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 அப்டேற் ஒன்றே பல்கலைக்கழக வைபைகளில் கோளாறு கொடுத்தது. பின்னர் மைக்ரோசொப்ற் அதைத் திருத்தியது.

முதலில் போனில் அதே வைபை வருகிறதா பாருங்கள். வந்தால் கோளாறு கணனியில். 'ஏரோபிளேன் மோட்' அணைந்திருக்கிறதா பார்த்து, ரீஸ்ரார்ட் செய்யுங்கள். சரிவராவிட்டால் 'டிவைஸ் மனேஜர்', 'நெற்வேர்க் அடப்ரர்ஸ்' என்று போய், வைபைக் கருவியின் பெயரை இருமுறை அழுத்தி, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பாக் டிரைவர்' கொடுங்கள். பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் போனை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, அதன் இணையத்தில் கணனிக் கம்பனியின் டிரைவரை இறக்கலாம்.

'நெற்வேர்க் ரீசெற்' கடைசி வழி. அது வைபைக் கடவுச்சொல்லை அழிக்கும். முன்பே எழுதி வையுங்கள்.

மெனு இந்நாட்டு மொழியிலா? பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.