மலாக்காவில் முதல் வீடு வாங்கப் போறீங்களா? வீட்டுக்கு முன்னாடி கிராண்டைப் பாருங்க

சனிக்கிழமை காலை, ஆயர் குரோ பக்கம் ஒரு ஷோ ஹவுஸ். மகன் மாடியில் ரூம் அளவைப் பார்க்கிறார். அம்மா சமையலறை அலமாரியைத் திறந்து திறந்து மூடுகிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அப்பா மட்டும் வெளியே கார் போர்ச்சில் நின்று, “சத்தமே இல்லப்பா, நல்ல இடம்” என்கிறார். அந்த நேரம் பார்த்து விற்பனையாளர் வருகிறார்: “இன்னும் ரெண்டு யூனிட்தான் இருக்கு. இன்னைக்கே புக் பண்ணிடுங்க.”

இங்கே கொஞ்சம் நிதானிங்க. நீங்கள் இன்னும் வீட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். அது நிற்கும் நிலத்தைப் பார்க்கவில்லை.

நம்ம குடும்பங்களுக்கு இது ஏன் பெரிய விஷயம்?

மலாயாவில் வணிக நோக்கத்தோடு ரப்பர் முதலில் நடப்பட்ட இடங்களில் ஒன்று, மலாக்காவின் புக்கிட் லிந்தாங். தான் சே யான் அங்கே ரப்பர் நட்டது 1896இல். அதற்குப் பிறகு ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கமெல்லாம் தோட்டங்கள் வந்தன, லயங்களும் வந்தன. ஆனால் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் பட்டாவில் நம்ம பேர் இருந்ததில்லை. அதனால் பல குடும்பங்களில், சொந்தப் பேரில் கிராண்ட் வாங்கப் போகும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள முன் அனுபவம் உள்ளவர் இல்லாமல் போவதும் அதனால்தான்.

நிலம் எந்த வகை?

ஃப்ரீஹோல்ட், லீஸ்ஹோல்ட் என்ற இரண்டு வகை எல்லாருக்கும் தெரியும். மலாக்காவில் இன்னொன்றும் இருக்கு: மலாக்கா வழக்காற்று நிலம். சுருக்கமாக எம்.சி.எல். என்பார்கள். 1963ஆம் ஆண்டு பினாங்கு, மலாக்கா நிலப்பட்டாக்களுக்கான தனிச் சட்டத்தின் கீழ் வருவது இது. மலாக்காவில் வசிக்கும் மலாய்க்காரர்களோ, மாநில அதிகாரத்தின் சான்றிதழ் பெற்றவர்களோதான் இந்த நிலத்தைத் தங்கள் பேரில் வைத்திருக்க முடியும்.

“அப்போ அந்த நிலத்தில் நாம வீடு வாங்கவே முடியாதா?” முடியும். சில இடங்களில் தனியார் குத்தகை முறையில் எல்லா இனத்தவருக்கும் வீடு விற்கப்படுகிறது. ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது நில உரிமை இல்லை, பதிவு செய்யப்பட்ட நீண்ட காலக் குத்தகை. விலை குறைவாக இருக்கலாம், வீடும் அழகாக இருக்கலாம். அப்படியும் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: குத்தகை எத்தனை வருஷம்? எந்த வங்கி இதற்கு லோன் தரும்? நாளைக்கு விற்கும்போது யாருடைய அனுமதி தேவை?

அடுத்தது பூமி லாட். பூமிபுத்ராவுக்கு ஒதுக்கப்பட்ட யூனிட்டை மற்றவர்கள் வாங்க வேண்டுமானால் மாநில அரசு முதலில் அதை விடுவிக்க வேண்டும். “அப்ரூவல் வந்துடும்” என்று வாயால் சொன்னால் போதாது, கடிதம் கேளுங்க.

இதையெல்லாம் எங்கே தெரிந்துகொள்வது? புதிய வீடு என்றால் விளம்பரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மேம்பாட்டாளரின் உரிம எண், நிலத்தின் வகை, குத்தகை முடியும் தேதி, நிலக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அங்கே போட வேண்டும் என்பது விதி. பழைய வீடு என்றால் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்யலாம். உங்கள் வழக்கறிஞரே இதைச் செய்து தருவார். புக் பண்ணின பிறகு இல்லை, பண்ணுவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்க.

புக்கிங் பணம் கொடுக்கலாமா?

மேம்பாட்டாளரிடம் நேரடியாகப் புதிய வீடு வாங்கினால், வாங்கல் விற்பனை ஒப்பந்தத்துக்கு முன் எந்தப் பேரிலும் பணம் வசூலிக்க வீடமைப்பு விதிகள் அனுமதிக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, பிறகு கட்டுமானம் நகர நகர மீதி என்பதுதான் முறை. நடைமுறையில் புக்கிங் பணம் வாங்குவது நடக்கத்தான் செய்கிறது. அப்படி வாங்கியிருந்தால், வீடு தாமதமாவதைக் கணக்கிடும் காலம் அந்தப் பணம் கட்டிய தேதியிலிருந்தே தொடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

மாதம் எவ்வளவு வரும்?

ஓர் உதாரணம். வீட்டு விலை 300,000 ரிங்கிட். 10 விழுக்காடு முன்பணம் போக லோன் 270,000. வட்டி 4 விழுக்காடு, 35 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 1,195 ரிங்கிட். கடைசியில் திருப்பிக் கட்டும் மொத்தம் ஏறக்குறைய 502,000. அதாவது வட்டி மட்டுமே சுமார் 232,000. வீடு கட்டி முடியும் வரை, வங்கி வெளியிட்ட தொகைக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். இப்போது வாடகை வீட்டில் இருந்தால் அந்தக் காலத்தில் இரண்டையும் சமாளிக்க வேண்டும்.

முத்திரை வரியில் சலுகை இருக்கு. 500,000 ரிங்கிட் வரையிலான முதல் வீட்டுக்கு, பட்டா மாற்றம், லோன் ஒப்பந்தம் இரண்டுக்கும் முழு விலக்கு. 2026 பட்ஜெட் இதை 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. மேலே சொன்ன வீட்டுக்கு இது 6,350 ரிங்கிட் மிச்சம்.

ஒன்றைக் கவனிங்க. வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீடும், இன்னொருவரோடு கூட்டுப் பேரில் உள்ள வீடும் “ஏற்கெனவே வீடு இருக்கு” என்றுதான் கணக்கு. அப்பா தன் மலிவு விலை வீட்டில் பாசத்தோடு உங்கள் பேரைச் சேர்த்திருந்தால், இந்தச் சலுகை கையை விட்டுப் போகும். முதலில் வீட்டில் கேளுங்க.

நிரந்தரச் சம்பளம் இல்லையா? கிரேப் ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர் போன்றவர்களின் லோனுக்கு வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனமான எஸ்.ஜே.கே.பி. வழியாக உத்தரவாதம் பெறும் வாய்ப்பு இருக்கு. முன்பணத்துக்கு இபிஎஃப்-இன் செஜாத்ரா கணக்கிலிருந்தும் எடுக்கலாம்.

“சத்தமே இல்ல” எத்தனை நாளைக்கு?

அப்பா சொன்ன அந்த அமைதி, பின்னால் இருக்கும் காலி நிலத்தால் வந்ததாக இருக்கலாம். அந்த நிலம் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்டதா, புதிய சாலை வருமா என்பது உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் தெரியும். பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இல்லையென்றால் ஊராட்சி மன்றத்தில் கேட்கலாம். அதோடு ஒரு வேலை நாள் மாலையிலும், ஒரு பெரிய மழைக்குப் பிறகும் அந்த தாமானுக்குப் போய்ப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நிமிஷம் பேசுங்க. எந்தச் சுவரில் தண்ணீர் கசியும் என்பது வரை சொல்லிவிடுவார்.

சாவி வாங்கிய பிறகு?

புதிய தரைவீட்டை ஒப்பந்தத்திலிருந்து 24 மாதங்களில் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் வருஷத்துக்கு விலையில் 10 விழுக்காடு என்ற கணக்கில் இழப்பீடு. நம்ம உதாரண வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 82 ரிங்கிட். சாவி கிடைத்த நாளிலிருந்து இன்னொரு 24 மாதங்களுக்குள் தெரியவரும் விரிசல், கசிவு போன்ற குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்ய வேண்டும். போட்டோ எடுத்து எழுத்தில் கொடுங்க. வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீங்க. கேட்கவில்லையென்றால், வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. குறைகளுக்கான காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் மனு போட வேண்டும்.

சரி, மறுபடியும் அந்த ஷோ ஹவுஸுக்கு வருவோம். விற்பனையாளர் பேனாவை நீட்டுகிறார். “இன்னும் ரெண்டு யூனிட்தான்” என்பது உண்மையாகவே இருக்கலாம். இருக்கட்டும். “கிராண்ட் காப்பி ஒண்ணு கொடுங்க, என் லாயர்கிட்ட காட்டிட்டு அடுத்த வாரம் வரேன்” என்று சொல்லுங்க. 35 வருஷம் கட்டப் போகும் ஆளுக்கு ஒரு வாரம் பெரிய காலம் இல்லை.